ஏர்ல் கிரேயைக் கொதிக்க விடாதீர்கள்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் ஏர்ல் கிரே என்ற வாசத் தேயிலைத் தேத்தண்ணி கேட்பவருக்குப் பல நேரம் வாசமில்லாத வெறும் சாயம்தான் போகிறது. தேயிலையில் குறையில்லை. பால் தேத்தண்ணிக்குப் போல அதையும் கேத்தலில் போட்டுக் கொதிக்க விடுவதுதான் வினை.

இந்தத் தேயிலையின் வாசம் பெர்கமொட் பழத்தோல் எண்ணெயில் இருக்கிறது. தேசிக்காய்ச் சாதிப் பழம், பெரும்பாலும் இத்தாலியின் கலாபிரியாவில் விளைவது. கொதி நீடித்தால் எண்ணெய் ஆவியோடு போய்விடும். அடுப்படி மணக்கும், கோப்பை மணக்காது.

200 மில்லிலீற்றருக்கு 2 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி தேயிலை. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் விட்டு, சூடாக்கி வைத்த போச்சியில் தேயிலை மேல் ஊற்றி உடனே மூடுங்கள். 3 நிமிடம் போதும். 5 தாண்டினால் கயர்ப்பு ஏறி வாசத்தை அமுக்கும். மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள்: தோடம்பழத் தோலைக் கிள்ளிய மணம் வரவேண்டும். அங்கேயும் வராவிட்டால் தேயிலை பழசு. பால் வேண்டுமென்பவருக்குத் தனியாகக் கொடுங்கள். பாலும் தேசிக்காயும் ஒரே கோப்பைக்குள் போனால் திரியும்.

தண்ணீரையும் கவனியுங்கள். கடலோரக் கிணறுகள் சிலவற்றின் தண்ணீர் உவர். சுண்ணாம்புச் சத்து கூடிய தண்ணீரில் சாயம் கறுத்து, ஆறியதும் வற்றிய குளத்துச் சேறு மாதிரி வெடித்த படலம் மேலே நிற்கும். குழாய்த் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுங்கள். ஒருமுறை கொதித்து ஆறியதை மறுபடி கொதிக்க வைக்க வேண்டாம்.

பெயர் 1830 முதல் 1834 வரை பிரித்தானியப் பிரதமராயிருந்த இரண்டாம் ஏர்ல் கிரேயுடையது. சீன அதிகாரி ஒருவர் நன்றிக்கடனாகக் கொடுத்த கலவை என்பார்கள்; கிரே சீனாவுக்குப் போனதே இல்லை. 1837இல் இங்கிலாந்துத் தேயிலைக் கம்பனி ஒன்றின் மேல் பெர்கமொட் ஏற்றிய தேயிலையை விற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. இன்று காசு கூடக் கொடுத்து வாங்குவது அன்று கலப்படம்!

வாங்கும்போது பொதியில் இயற்கை எண்ணெயா, செயற்கை வாசனையா என்று பாருங்கள். வாசனைத் திரவியக் கடை எண்ணெயை வாங்கித் தேயிலையில் சொட்டுவது ஆபத்து, அது உள்ளுக்குக் குடிக்கச் செய்ததல்ல. வீட்டில் செய்ய ஆசையென்றால் நாரத்தைத் தோலை வெள்ளைச் சதை நீக்கி, நொறுங்கும்வரை நிழலில் உலர்த்தி, 100 கிராம் தேயிலைக்கு ஒரு மேசைக்கரண்டி கலக்கலாம். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பெர்கமொட் மணம் வராது, ஆனாலும் நல்ல தேத்தண்ணி.

கடற்காற்றில் திறந்த பொதி வெகு சீக்கிரம் நமத்துப்போகும். இறுக்கமான தகர டின்னில், கருவாடு, மிளகாய்த்தூளுக்கு எட்டத்தில் வையுங்கள். சாதாரணத் தேயிலையையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் ஒரே வாசமாகிவிடும்.