விழப்போகும் கால், விழாத சிலை

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் முன்கால்களைத் தூக்கிப் பாயும் கல்குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். என்ன வேகம்! ஆனால் ஒவ்வொன்றும் தூணோடு ஒட்டித்தான் நிற்கிறது. கல்லை அழுத்தினால் தாங்கும், வளைத்தால் விண்டுவிடும். வீசிய கையும் தூக்கிய காலும் பிடிமானமில்லாமல் அந்தரத்தில் நிற்க, வெண்கலம்தான் சரி.

ஏற்காடு அடிவாரத்தில் விடியற்காலையில் மேடேறி ஓடும் ஒருவரைச் சிலையாக்குவதாக வைத்துக்கொள்வோம். உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது. பின்கால் விரல்கள் மட்டும் தார்ச்சாலையைத் தொடுகின்றன. விழப்போய், விழுவதற்குள் அடுத்த காலை வைப்பதுதான் ஓட்டம். சிலையால் அந்தக் காலை வைக்க முடியாது.

சிற்பி முதலில் கம்பியால் ஒரு கூடு கட்டி, அதன்மேல் களிமண்ணை அப்புகிறார். வேகம் இந்தக் கம்பியிலேயே வந்துவிட வேண்டும். இடது கால் முன்னே போகும்போது வலது தோள் முன்னே வரும். இடுப்பும் தோளும் எதிரெதிராகத் திரும்பும். இந்த முறுக்கு இல்லையென்றால், எவ்வளவு தசை செதுக்கினாலும் சிலை விறைத்துத்தான் நிற்கும். பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் நடக்கும் மனிதனுக்கு இரண்டு பாதங்களும் தரையில் முழுசாகப் பதிந்திருக்கும். நடப்பவரைப் படம்பிடித்தால் அப்படி ஒரு நிலை கிடைக்காது. ஆனாலும் அவன் நடக்கிறான்! ஒரு காலில் முந்தைய நொடி, மறு காலில் அடுத்த நொடி. எனக்கு மிகவும் பிடித்த பொய் இது.

களிமண் உருவிலிருந்து அச்சு எடுத்து, அதனுள் மெழுகை ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குப் படியவிடுகிறார்கள். மெழுகுக்கு உள்ளேயும் வெளியேயும் சூடு தாங்கும் பூச்சு. சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடைவெளியில் வெண்கலம் இறங்கும். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் 1000 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். அப்புறம் இன்னும் கொஞ்சம் சூடேற்றி ஊற்றினால் விரல் நுனிவரை ஓடும். கனம் எங்கும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம். தொடை மட்டும் கெட்டியாக இருந்தால் அது கடைசியில் ஆறும். ஆறும்போது சுருங்கிக் குழி விழும்.

ஒரு கிலோ மெழுகின் இடத்தை நிரப்ப ஒன்பது, பத்து கிலோ வெண்கலம் பிடிக்கும். உள்ளே பொள்ளலாக இருந்தாலும் ஆளுயரச் சிலையின் பாரம் முழுக்க ஒரே கணுக்காலில்தான் வந்து இறங்குகிறது. காற்றடித்தால் வளையப் பார்ப்பதும் அந்த இடம்தான். அதனால் ஊன்றிய காலுக்குள் தடித்த எவர்சில்வர் கம்பி ஒன்றைச் செலுத்தி, பாதத்தின் வழியாகப் பீடத்துக்குள் ஆழமாக இறக்கி முடுக்கிவிடுகிறார்கள். நாம் பார்ப்பது விரல் நுனியில் பறக்கும் ஓட்டக்காரரை. அவரைப் பிடித்திருக்கும் நட்டு பீடத்தின் அடியில் இருக்கிறது.