சிப்பில் பாதியை அணைத்தால் மீதி தாங்குமா?

கைப்பேசி சும்மா கிடக்கும்போது அதன் சிப்பில் பல பகுதிகளுக்கு மின்சாரமே போவதில்லை. சிப்பின் வேலையை நடத்தும் கடிகாரத் துடிப்பை மட்டும் நிறுத்தினால் போதாதா? போதாது. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க, அது அணைந்திருக்கும்போதும் கசிகிற மின்னோட்டம் பெரிய செலவாகிவிட்டது. அதனால் சிப்பைப் பல பவர் டொமைன்களாகப் பிரித்து, வேலையில்லாத டொமைனுக்கு மின்சாரத்தையே துண்டிக்கிறார்கள்.

துண்டிப்பதில் பெரிய வித்தை இல்லை. சிக்கல் எல்லையில்தான். அணைந்த பகுதியிலிருந்து வரும் கம்பியில் 0-வும் இருக்காது, 1-ம் இருக்காது. வோல்டேஜ் நடுவில் எங்கோ மிதக்கும். அதை வாங்கும் லாஜிக் கேட் என்ற சிறு சுற்றில் மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் அரைகுறையாகத் திறந்துகொள்ள, மின்னோட்டம் நேரே கிரவுண்டுக்குப் பாயும். மிச்சம் பிடிக்கப்போன இடத்தில் புதுச் செலவு! இதைத் தடுக்க எல்லையில் ஐசோலேஷன் செல் வைக்கிறார்கள். அது அந்தக் கம்பியை 0 அல்லது 1-ல் பிடித்து நிறுத்தும். மறக்கக் கூடாத மதிப்புகளைக் காக்க ரிடென்ஷன் ரெஜிஸ்டர் உண்டு.

சரி, இதெல்லாம் ஒழுங்காக வேலை செய்யுமா என்று சிப் தயாராகும் முன்பே எப்படிச் சோதிப்பது? வெரிலாக் என்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதிய டிசைனில் பொதுவாக மின்சாரம் என்ற பேச்சே வராது. டிசைனைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சாதாரண சிமுலேஷன், எல்லாவற்றுக்கும் எப்போதும் மின்சாரம் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஆகவே எந்த டொமைன் அணையும், எங்கே ஐசோலேஷன் வேண்டும் என்பதையெல்லாம் தனிக் கோப்பில் எழுதுகிறார்கள். யுபிஎஃப் (யூனிஃபைட் பவர் ஃபார்மட்) என்ற இந்த வடிவத்தை அக்செலெரா அமைப்பு 2007-ல் வெளியிட்டது. 2009-ல் அது ஐஇஇஇ 1801 தரநிலையானது.

இந்தக் கோப்பையும் படிக்கும் சிமுலேட்டர், டொமைன் அணைந்ததும் அதிலுள்ள மதிப்புகளை எக்ஸ் ஆக்கிவிடும், அதாவது 'தெரியாது'. விழித்திருக்கும் பகுதிக்குள் எக்ஸ் நுழைந்தால், எங்கோ ஐசோலேஷன் விட்டுப்போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. வெரிலாக்கில் ஓர் இஃப் நிபந்தனை எக்ஸ் ஆனால், சிமுலேட்டர் பேசாமல் எல்ஸ் கிளைக்குப் போய்விடும். எக்ஸ் அங்கேயே மறைந்துவிடும், பிழையும் அதோடு மறையும். அதனால் விதிகளை அசெர்ஷன்களாகவும், அதாவது மீறினால் உடனே எச்சரிக்கும் கூற்றுகளாகவும், எழுதிவைக்க வேண்டும்.

முக்கியமான விதி வரிசை பற்றியது. அணைக்கும்போது கடிகாரத்தை நிறுத்தி, ஐசோலேஷன் போட்டு, மதிப்புகளைச் சேமித்து, கடைசியில்தான் துண்டிப்பது வழக்கம். எழுப்பும்போது மின்சாரம் நிலைப்படும்வரை காத்திருந்து, மதிப்புகளை மீட்டபிறகே ஐசோலேஷனை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டு எடுத்தால் குப்பை மதிப்பு வெளியே போய், யாரும் கேட்காமலே மெமரியில் எதையாவது எழுதிவிடவும் கூடும். நிதானமாக அணைத்து நிதானமாக எழுப்பிப் பார்க்கும் சோதனை எனக்குப் போதுமானதாகப் படவில்லை. பாதி அணைந்துகொண்டிருக்கும்போதே எழுப்பச் சொல்லி இன்டரப்ட் என்ற குறுக்கீட்டுச் சிக்னல் வந்தால் என்ன ஆகும்? அதைத்தான் விடாமல் துருவ வேண்டும். 10 டொமைன் இருந்தால் ஒவ்வொன்றும் அணைந்தோ விழித்தோ இருப்பதில் மட்டுமே 1,024 சேர்க்கைகள். அவற்றில் எவை அனுமதிக்கப்பட்டவை என்று வரையறுத்து, மற்றவற்றுக்குள் சிப் போகாததையும் உறுதிசெய்ய வேண்டும்.

லேஅவுட், அதாவது சிப்பில் எது எங்கே என்ற வரைபடம், முடிந்தபிறகும் மீண்டும் பார்க்கத்தான் வேண்டும். ஐசோலேஷனைக் கட்டுப்படுத்தும் நீண்ட கம்பியின் நடுவே வடிவமைப்பு மென்பொருள், சிக்னலை வலுப்படுத்தும் ஒரு பஃபரைச் செருகும். அந்த பஃபர் அணையும் டொமைனின் மின்சாரத்தில் ஓடினால், டொமைன் அணைந்ததும் கட்டுப்பாடே செத்துவிடும். மூல டிசைனை எவ்வளவு சிமுலேட் செய்தாலும் இது அகப்படாது, ஏனென்றால் அப்போது அந்த பஃபரே கிடையாது. இறுதி நெட்லிஸ்டை (எல்லா கேட்களும் இணைப்புகளும் அடங்கிய பட்டியலை) யுபிஎஃப்போடு ஒப்பிடும், சிமுலேட் செய்யாத ஸ்டாடிக் சோதனைதான் இதைப் பிடிக்கும்.