பழைய பிளிமத் விற்கப் போகிறீர்களா? பெயின்ட் கடைப் பக்கம் போகாதீர்கள்

போன வருடம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா எங்கள் கராஜுக்கு வந்தார். வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே 1952ஆம் ஆண்டு பிளிமத் கிரான்புரூக் என்ற அமெரிக்கக் கார் ஒன்று. கணவர் இருக்கும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடியதாம். அவர் காலமான பிறகு அசையவில்லை. கனடாவில் இருக்கும் மகன் விற்கச் சொல்லிவிட்டார்.

"தம்பி, ஒரு பெயின்ட் மட்டும் அடிச்சுத் தாங்கோ. வாறவன் பாத்த உடனே எடுப்பான்."

அடிக்க மாட்டேன் என்றேன். வந்த வேலையை வேண்டாம் என்கிற கராஜ்காரனை அவர் அதுவரை கண்டதில்லை போலும், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

காரணம் இதுதான். இந்த மாதிரிக் கார் வாங்க வருகிறவர் மினுக்கத்தைப் பார்த்து வருவதில்லை. மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்று அவருடைய பையில் இருக்கும். கதவின் அடிப்பகுதி, சில்லுக்கு மேலே உள்ள வளைவு, டிக்கியின் தரை எல்லாவற்றிலும் வைத்துப் பார்ப்பார். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு இல்லை, ஓட்டையை நிரப்பிப் பூசிய பட்டிப் பசை. காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் நின்ற கார் என்றால் உப்புக்காற்று உள்ளிருந்து அரித்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. துரு கண்ணுக்குத் தெரிந்தால் அதற்கொரு கணக்குப் போட்டு விலையைக் குறைப்பார், அவ்வளவுதான். புதுப் பெயின்டுக்குக் கீழே ஒரு இடத்தில் பட்டி அகப்பட்டால் மிச்ச இடம் முழுவதையும் சந்தேகிப்பார். பெயின்டுக்குப் போன காசும் போய், ஆளும் போய்விடுவார். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பெயின்டுக்குப் பதிலாக அந்த அம்மாவை வீடு முழுக்கத் தேடச் சொன்னேன். பழைய பிஸ்கட் டின்னில் கதவுக் கைபிடி இரண்டு, அலுமாரிக்கு மேலே நான்கில் மூன்று சில்லு மூடிகள், துணியில் சுற்றிய குரோம் அலங்காரத் தகடு ஒன்று. இவைதான் காசு. எஞ்சின் சாமான் பெரிய பிரச்சினை இல்லை. 3.6 லிட்டர் அளவான அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினின் குடும்பத்தைக் கிறைஸ்லர் கம்பனி பிளிமத், டொட்ஜ், லொறி என்று பல வருடங்கள் போட்டது. கேஸ்கட், பிஸ்டன் எல்லாம் இன்றும் அமெரிக்காவிலிருந்து தருவிக்கலாம். அந்த வருடத்துக்கென்று அச்சு வார்த்த குரோம் தகடு அப்படியில்லை, கொழும்பில் பழைய கார் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. கண்ணாடியும் கவனிக்க வேண்டியது. பக்கக் கண்ணாடி தட்டையானது, இங்கேயே வெட்டலாம். 1955 மொடலிலிருந்து வந்த ஷெவ்ரோலேயின் சுற்றி வளைந்த முன்கண்ணாடி உடைந்திருந்தால் கடல் கடந்துதான் வர வேண்டும். வாங்குகிறவருக்கு இது தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, தயவுசெய்து யாரையும் ஸ்டார்ட் பண்ண விடாதீர்கள். பார்க்க வந்த இளைஞர் ஒருவர் தன் ஜப்பான் காரிலிருந்து 12 வோல்ட் பற்றரியைக் கழற்றி இந்த பிளிமத்தில் மாட்டப் போனார், நல்ல மனதோடுதான். இந்தக் கார் 6 வோல்ட். அதுவும் பாசிட்டிவ் பக்கம்தான் காரின் உடலோடு இணைந்திருக்கும். பிளிமத் 12 வோல்ட்டுக்கு மாறியது 1956 மொடலில்தான். நான் கையைப் பிடித்திராவிட்டால் துணி சுற்றிய எழுபது வருட வயர் புகைந்திருக்கும். சில்லு போல்ட்டும் இப்படித்தான். இடப்பக்கச் சில்லுகளின் போல்ட்டைக் கழற்ற ஸ்பனரை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். தெரியாத பொடியன்மார் பலத்தைக் காட்டி போல்ட்டை முறித்துவிட்டு, துரு பிடித்துவிட்டது என்பார்கள்.

வருடக்கணக்கில் நின்ற எஞ்சினின் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, ஓரிரு நாள் பொறுத்துக் கையால் சுற்றிப் பார்ப்பதே போதும். சுற்றுகிறதா, இல்லையா? அதை அப்படியே சொல்லி விற்கலாம். இந்த எஞ்சினுக்குள் தண்ணீரைப் பின் சிலிண்டர்வரை கொண்டுபோகும் தகட்டுக் குழாய் ஒன்று உண்டு. குலன்ட் (துரு பிடிக்காமல் காக்கும் திரவம்) இல்லாமல் காலம் முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் அது உக்கியிருக்கும், பின் வால்வுகள் எரிந்திருக்கும். விசயம் தெரிந்தவர் இதைக் கேட்பார். 'குலன்ட் ஊற்றினதில்லை' என்று உண்மையைச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்கவும் கொடுக்க வேண்டாம். பிரேக்குக்கு ஒரே ஒரு ஒயில் வழிதான், ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சில்லுக்கும் பிரேக் போய்விடும். கார் ஏற்றும் லொறியில் ஏற்றி அனுப்புங்கள்.

இனி, கூடுதலாக ஏமாறும் இடத்துக்கு வருவோம். அந்த அம்மாவிடம் முதலில் வந்தவர் காருக்குக் கிட்டவே போகவில்லை. "அன்ரி, பதிவுப் புத்தகத்தையும் நம்பர் தகட்டையும் மட்டும் தாங்கோ, காரைப் பழைய இரும்புக்குப் போடுங்கோ" என்று, கார் முழுவதற்கும் கேட்ட விலைக்குக் கிட்டவே சொன்னார். சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கம் அது. 1957இல் தகட்டில் ஸ்ரீ வந்தபோது தமிழர் எதிர்த்த கதையெல்லாம் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதற்கும் முந்திய தகடு. அந்தப் புத்தகம் வேறொரு வாகனத்தின் மேல் ஏறினால், நாளைக்குப் பொலிஸ் தேடி வருவது பதிவில் பெயர் உள்ள குடும்பத்தைத்தான். எவ்வளவு தந்தாலும் கொடுக்காதீர்கள்.

திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுக்கும் 'ஓப்பின் பேப்பர்' பழக்கமும் அதே மாதிரி ஆபத்து. பெயர் மாறும்வரை கார் உங்களுடையதுதான். கணவர் பெயரில் இருந்ததால் இந்த அம்மா முதலில் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டியிருந்தது, பிள்ளைகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டியும் இருந்தது. சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். 2022இல் தட்டுப்பாட்டால் பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடு வந்தபோதுதான் பலர் தங்கள் காரின் சேசிஸ் இலக்கத்தையே முதன்முதலில் தேடினார்கள். (அப்போது காருக்கு வாரம் 20 லிட்டர். பிளிமத்துக்கு அது எந்த மூலைக்கு!) இடையில் யாரோ டீசல் எஞ்சின் மாற்றிப் புத்தகத்தில் பதியாமல் விட்டிருந்தால், அதை விற்பதற்கு முன்பே தீர்ப்பது நல்லது.

விலையை நான் சொல்லப் போவதில்லை. விளம்பரத்தில் காணும் தொகை கேட்கிற விலை, கைமாறிய விலை வேறு. பழைய கார் சங்கத்துக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினால் ஓரளவு பிடிபடும்.

கடைசியில் கார் கண்டிக்குப் போனது. துரு, எரிந்த வால்வு, காணாமல் போன நான்காவது சில்லு மூடி என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாறிய பிறகுதான் சாவி கைமாறியது. போன மாதம் அந்த அம்மா போன் எடுத்தார். நான்காவது மூடி பழைய தையல் மெசினுக்குப் பின்னால் கிடந்ததாம், கண்டிக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டார்.