தலை வெளியே, கை உள்ளே

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருந்த வீட்டில் எங்கள் ஆயா மசாலாவுக்கு மிளகாய் வறுக்கும் நாளில் பக்கத்து வீடுவரை இருமும். ஆயா மட்டும் இருமமாட்டார். கொல்லைக் கதவோரம் அடுப்பை வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, அதற்குப் பக்கவாட்டில் நிற்பார். "காத்து முதுகுல அடிக்கிற மாதிரி நின்னா நெடி மூஞ்சிக்கே வரும்டி" என்பார். அது எனக்குப் புரியவே இல்லை. முதுகில் அடிக்கும் காற்று நெடியை அந்தப் பக்கம்தானே தள்ளிக்கொண்டு போக வேண்டும்?

டர்பனில் ஒரு வேதியியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஃபியூம் ஹூட் முன்னால் நின்ற பிறகுதான் ஆயா சொன்னதன் இயற்பியல் விளங்கியது.

ஃபியூம் ஹூட் என்பது மூன்று பக்கமும் அடைத்த பெரிய பெட்டி. நான்காவது பக்கத்தில் மேலும் கீழும் நகரும் கண்ணாடி. நச்சு வாயு, ஆவி எது கிளம்பினாலும் அது மூக்குக்கு வராமல் வெளியேற வேண்டும் என்பதற்காகவே அந்தப் பெட்டி. உள்ளே பின்சுவருக்குச் சற்று முன்னால் ஒரு தட்டி இருக்கும். அதன் அடியிலும் மேலேயும் இடுக்குகள். அவற்றின் வழியாகக் காற்று பின்னால் போய், குழாயில் ஏறி, கூரைமேல் இருக்கும் விசிறியைத் தாண்டி வானத்துக்குப் போகிறது. விசிறியைக் கூரையில் கொண்டுபோய் வைப்பதற்குக் காரணம் உண்டு. கடைசியில் நின்று இழுப்பதால், கட்டடத்துக்குள் ஓடும் குழாய் முழுவதிலும் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. நடுவில் எங்காவது ஓட்டை விழுந்தாலும் அறைக்காற்று உள்ளே போகுமே தவிர நச்சு வெளியே கசியாது. கடற்காற்றின் உப்பு எதையும் அரித்துவிடும் எங்கள் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

புதிதாக வரும் மாணவர்கள் இதை ஏதோ ராட்சத வேக்குவம் கிளீனர் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. திறந்த வாயில் காற்று உள்ளே போகும் வேகம் விநாடிக்குச் சுமார் அரை மீட்டர்தான். மனிதர் சாதாரணமாக நடப்பதே விநாடிக்கு 1.3 மீட்டர் வரும். ஆக, ஹூட்டுக்கு முன்னால் ஒருவர் விறுவிறுவென்று கடந்து போனால், அவர் முதுகோடு இழுத்துப்போகும் காற்றுக்கு ஹூட்டின் காற்று ஈடுகொடுக்க முடியாது. உள்ளே இருப்பது ஒரு கணம் வெளியே எட்டிப் பார்த்துவிடும். ஜன்னலைத் திறந்து கடற்காற்று வாங்கினாலும் அதே கதி. ஹூட் நம்மைக் காப்பது இரும்பால் அல்ல, மெதுவாக நகரும் ஒரு காற்றுத் திரையால். அது மெல்லியது, சுலபமாகக் கிழியும்.

மெதுவாகத்தான் நகர்கிறதே என்று அளவைக் குறைத்து எடைபோட வேண்டாம். வாய் ஒன்றரை மீட்டர் அகலம், கண்ணாடி அரை மீட்டர் உயரத்துக்குத் திறந்திருக்கிறது என்று வையுங்கள். அரை மீட்டர் வேகத்தில் மணிக்கு 1,350 கன மீட்டர் காற்று வெளியேறும். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் காற்று முழுவதும் நான்கே நிமிடத்தில் காலி. அவ்வளவு காற்றும் எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். வர வழியில்லாவிட்டால் ஹூட் மூச்சுத் திணறும். அறைக்கதவைத் திறக்க வழக்கத்தைவிடப் பலம் தேவைப்பட்டால், கதவிடுக்கில் விசில் சத்தம் கேட்டால், அதுதான் அறிகுறி.

இப்போது ஆயாவுக்கு வருவோம். ஹூட்டின் முன்னால் நிற்பவருக்குக் காற்று முதுகுப்பக்கமிருந்து வருகிறது. ஆற்றின் நடுவே நிற்கும் பாறைக்குப் பின்னால் நீர் சுழலுமே, அதுபோல உடம்பைச் சுற்றி வந்த காற்று மார்புக்கு முன்னால் சுழல்கிறது. அந்தச் சுழல் உள்ளே இருக்கும் ஆவியைப் பிடித்து நேராக முகத்துக்கு ஏற்றிவிடும். ஆயா பக்கவாட்டில் நின்று இதைத் தவிர்த்தார். ஹூட்டின் முன் பக்கவாட்டில் நின்று வேலை செய்ய முடியாது. அதனால் இரண்டு காரியம் செய்கிறோம். குடுவையை வாயிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைக்கிறோம், சுழல் அதுவரை எட்டாது. கண்ணாடியை முகத்துக்குக் கீழே இறக்குகிறோம்.

தஞ்சாவூரிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவன் முதல் வாரத்தில் ஹூட்டுக்குள் தலையை விட்டு எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, தலை வெளியே, கை உள்ளே."

"கிட்டப் போனாத்தானேக்கா நிறம் மாறுறது தெரியும்?"

"கண்ணாடி வழியா பாரு. தெரியலைன்னா துடைச்சுட்டுப் பாரு."

சொல்லி நம்பவில்லை என்று, ரசாயனம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு ஒரு சாம்பிராணி வத்தியைக் கொளுத்தி உள்ளே வைத்தேன். (கரைப்பான் பாட்டில் ஒன்றுகூட அருகில் இருக்கக் கூடாது, இதற்கென்றே விற்கும் புகைக்குழல்தான் முறையானது.) கண்ணாடி தாழ்ந்திருக்கையில் புகை சமர்த்தாகப் பின்னிடுக்கில் நுழைந்தது. முழுவதும் உயர்த்தியதும் தயங்கியது, சுழன்றது, அவன் தாடையைத் தொட்டது. அடுத்து, தட்டியின் அடியிடுக்கை மறைத்துப் பாட்டில்களை அடுக்கிக் காட்டினேன். புகைக்குப் போக வழி தெரியவில்லை. பல ஆய்வகங்களில் ஹூட் பாதி அலமாரியாகத்தான் இருக்கிறது. எனக்கு எரிச்சல் மூட்டும் காட்சி அது.

ஹூட் முக்கியமாகக் காப்பது மூச்சைத்தான். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நச்சு உலோகங்களை ஆராய்ந்த கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில் ஹூட்டுக்குள்தான் வேலை செய்தார். கையில் லேட்டக்ஸ் உறையும் இருந்தது. டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மம் ஓரிரு சொட்டு உறைமேல் விழுந்தது. அந்த உறையை அது சில விநாடிகளில் ஊடுருவிவிடும் என்பது அப்போது பரவலாகத் தெரிந்திருக்கவில்லை. 1997 ஜூனில் அவர் பாதரச நஞ்சால் இறந்தார். கையுறையை ரசாயனத்துக்கேற்பத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போதெல்லாம் நான் இந்தச் சம்பவத்தைச் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆராய்ச்சி மாணவர் சம்பளப் பட்டியலில் இல்லையே, அவருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அவ்வப்போது எழும். தென்னாப்பிரிக்காவின் 1993-ஆம் ஆண்டுத் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தில் 8-ஆம் பிரிவு ஊழியர்களுக்கு, 9-ஆம் பிரிவு அங்கே நடக்கும் வேலையால் பாதிக்கப்படக்கூடிய மற்றவர்களுக்கு. மாணவர்களை விட்டுவிடவில்லை.

இனி லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு. அதன் கடுமையான படிகளில் ஒன்றான ஸ்டேஜ் 6 என்றால் என்ன என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எளிதில் தீப்பற்றும் ஈத்தர் என்ற கரைப்பானை வைத்துச் சூடேற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈத்தர் 34.6 டிகிரியிலேயே கொதிக்கும். டர்பனின் பிப்ரவரி வெயிலுக்கு அது எட்டிப் பிடிக்கும் தூரம்தான். கூரை விசிறி நிற்கிறது. ஆவியைக் குளிர்வித்துத் திரும்பக் குடுவைக்குள் விழவைக்கும் தண்ணீரின் பம்பும் நிற்கிறது. ஆனால் குடுவையைச் சுற்றியிருக்கும் எண்ணெய் உடனே ஆறாது. ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான அந்த ஆவி ஹூட்டின் விளிம்பில் வழிந்து, மேசையில் இறங்கி, தரையில் பரவும். அதனால்தான் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி இறக்கும் ஜாக்கின்மேல் வைக்கிறோம். இருட்டிலும் திருகை நாலு சுற்று சுற்றினால் சட்டி இறங்கிவிடும். பிறகு கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு வெளியே போகலாம்.

கரண்ட் போகும்போதாவது ஆள் இருப்பார்கள். திரும்பி வரும்போதுதான் வினை. கூரை விசிறி போன்ற பெரிய மோட்டார்களின் ஸ்டார்ட்டர் பெரும்பாலும் மின்சாரம் போனதும் இணைப்பைத் துண்டித்துவிடும். யாராவது பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். திருகு வைத்த பழைய ஹாட்பிளேட் அப்படியில்லை. கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், சாயங்காலம் கரண்ட் போனதும் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். ராத்திரி கரண்ட் வந்திருக்கிறது. தட்டு சூடாகியிருக்கிறது, விசிறி ஓடவில்லை. காலையில் போனால் எண்ணெய் தார்போலக் கருகி, அறையெங்கும் நாற்றம். அன்று குடுவையில் எரியக்கூடியது எதுவும் இல்லாதது எங்கள் நல்ல காலம்.

இப்போது எங்கள் ஹூட்டில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஓர் இணைப்பு கொடுத்திருக்கிறோம். விசிறி ஓடினால்தான் ஹாட்பிளேட்டின் பிளக்குக்கு மின்சாரம். கரண்ட் திரும்பினால் ஆள் வந்து அழுத்தும்வரை இரண்டுமே எழாது. கண்ணாடியின் கீழ்விளிம்பில் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்று தொங்குகிறது. விசிறியைப் போட்டு, துண்டு உள்நோக்கி அசைவதைப் பார்த்த பிறகே அடுத்த பொத்தானில் கை வைக்க வேண்டும் என்று ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் அச்சடித்து ஒட்டியிருக்கிறது. அதன் கீழே தம்பி பேனாவால் தமிழில் சேர்த்திருக்கிறான்: "தலை வெளியே."