மலைச்சாலை விபத்தும் இலவசச் சிகிச்சையும்: எல்லையோரத்தார் ஏமாறும் இடங்கள்

கம்பம், கூடலூர், போடி வட்டாரங்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டி கவிழ்ந்து கால் முறிந்த ஒருவரை, விபத்து கேரளத்தில் நடந்ததால் எந்தத் திட்டமும் பொருந்தாது என்று சொல்லி, இருபதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டும்வரை ஒரு தனியார் மருத்துவமனை ஸ்ட்ரெச்சரிலேயே கிடத்தியிருந்ததைப் பார்த்தேன். அவர்கள் சொன்னதில் பாதிதான் உண்மை.

விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை தரும் தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துக்கு மட்டுமே உரியது. ஆனால் 2025 மே மாதம் நடப்புக்கு வந்த மத்திய அரசுத் திட்டத்துக்கு மாநில எல்லை கிடையாது. மோட்டார் வாகனத்தால் சாலையில் அடிபட்ட எவருக்கும் 1,50,000 ரூபாய் வரை இலவசச் சிகிச்சை உண்டு. ரேஷன் கார்டோ வருமானச் சான்றோ தேவையில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. இந்த இலவசச் சிகிச்சை 7 நாளுக்குத்தான்; அதுவும் விபத்து நடந்த நாளிலிருந்தே எண்ணப்படுவதால், சிறிய மருத்துவமனையில் கட்டுப்போட்டுக்கொண்டு காத்திருக்கும் நாட்கள் வீணாகின்றன. இத்திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் உயிரை நிலைப்படுத்தும் முதற்கட்டச் சிகிச்சை மட்டுமே கிடைக்கும். எனவே அவசர உதவி எண் 112-ஐ அழைத்து, பட்டியலில் உள்ள மருத்துவமனை எது என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி வேறொன்று. அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப்பின் உரிமையாளரோ கங்காணியோ, “தோட்டத்தில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பார்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் அப்படி ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் இந்தத் திட்டமும் கைவிட்டுப் போகும், பின்னால் கேட்க வேண்டிய வாகன விபத்து இழப்பீட்டு வழக்கும் வலுவிழக்கும். வாக்களித்தவர் மூன்றாம் நாள் போனை எடுக்காததை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடியே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது காவல் நிலைய அலைச்சல். விபத்துதான் என்பதைக் காவல்துறை 24 மணி நேரத்துக்குள்ளும், உயிருக்கு ஆபத்தான நிலையில் 48 மணி நேரத்துக்குள்ளும் உறுதிசெய்ய வேண்டும். இங்கே போனால் கேரளத்துக்குப் போ என்பார்கள், அங்கே போனால் அடிபட்டவர் எங்கே என்பார்கள். இடம் எதுவாயினும் தகவலைப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு சொல்வதை எடுத்துக் கூறுங்கள். கேரளத்தில் ஜி.டி. என்ட்ரி (காவல் நிலையப் பொது நாட்குறிப்புப் பதிவு) நகலையும், இங்கே சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான) ரசீதையும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

போலீஸ் நடைமுறை முடியட்டும் என்று காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சை தர வேண்டியது அரசு, தனியார் மருத்துவர் எல்லோருடைய கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அதையும் மீறிப் பணம் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

எட்டாம் நாளிலிருந்து தமிழக முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைதான் துணை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கும் அலைச்சல் அதற்கு உண்டு. ஆள் படுக்கையில் கிடக்கும்போது அதற்கு ஓட முடியாது, இந்த வாரமே போய் வாங்கி வையுங்கள்.