முசாலஹா: சமரசமா, ஒப்புரவா?

ஜெருசலேம், பெத்லகேம் பக்கத்துக் கிறிஸ்தவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் 'முசாலஹா' என்ற அரபுச் சொல் சீக்கிரமே எதிர்ப்படும். பகைத்துப் பிரிந்த இரு தரப்பார் மறுபடி ஒன்றுசேர்வது என்று பொருள். தமிழில் இதைச் சமரசம் என்கிறார்கள், சமாதானம் என்கிறார்கள், நல்லிணக்கம் என்கிறார்கள். மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் வேர். ஸ-ல-ஹ என்ற மூன்று மெய்களிலிருந்து பிறந்த சொல் இது. சீராக இருத்தல், பழுது நீங்குதல் என்பது அடிப்படைக் கருத்து. சீர்திருத்தத்தைக் குறிக்கும் 'இஸ்லாஹ்', நம்மூர் முஸ்லிம்களிடம் பெயராகவே வழங்கும் 'ஸாலிஹ்' (நல்லவர்), உடன்படிக்கையைக் குறிக்கும் 'ஸுல்ஹ்' எல்லாம் ஒரே குடும்பம். இதில் முசாலஹா என்ற வடிவத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அரபு இலக்கணப்படி, இந்த அச்சில் அமையும் சொற்கள் பெரும்பாலும் இருவர் ஒருவரோடொருவர் செய்யும் செயலைக் குறிக்கும். மன்னிப்பதை ஒருவர் தனியாகச் செய்துவிடலாம். முசாலஹாவுக்கு எதிராளியும் வரவேண்டும்.

பாலஸ்தீன ஊர்களில் இதே வேரிலிருந்து வந்த 'சுல்ஹா' என்ற வழக்கம் இருக்கிறது. முஸ்லிம், கிறிஸ்தவர், துரூஸ் என்ற தனிச் சமயச் சமூகத்தார் என்று எல்லாரும் கைக்கொள்வது. ஒரு குடும்பத்து ஆள் இன்னொரு குடும்பத்து ஆளைக் கொன்றுவிட்டான் என்று வையுங்கள். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து 'ஜாஹா' என்ற குழுவாகப் பாதிக்கப்பட்ட வீட்டுக்குப் போவார்கள். குற்றம் செய்த தரப்பு பொறுப்பை ஏற்று, 'அத்வா' என்ற முன்பணத்தைக் கொடுக்க, பழிவாங்காமல் பொறுத்திருக்கும் காலம் தொடங்கும். அதற்குப் பிறகுதான் பேச்சு, நஷ்டஈடு. கடைசியில் ஊரறியக் கைகுலுக்கல், வெள்ளைத் துணியில் முடிச்சு, கசப்புக் காப்பி, சாப்பாடு. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். தப்பை ஒப்புக்கொள்ளாமல் விருந்துக்குப் போக வழியில்லை.

இந்தச் சொல் வேதாகமத்துக்குள்ளும் இருக்கிறது. அரபு பேசும் சீர்திருத்தச் சபையார் பரவலாகப் படிக்கும் வான் டைக் மொழிபெயர்ப்பில், 2 கொரிந்தியர் 5:18-இல் 'கித்மத் அல்-முசாலஹா' என்று வருகிறது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் 'ஒப்புரவாக்குதலின் ஊழியம்'. கிரேக்க மூலச் சொல்லான 'கத்தலகே' முதலில் நாணயம் மாற்றுவதற்கு வழங்கியது. பவுல் அதைப் பகை உறவாக மாறுவதற்கு எடுத்துக்கொண்டார். மத்தேயு 5:24-இல் 'முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து' என்ற இடத்திலும் அரபில் இதே வேர்தான். கலிலேயாவின் இபிலின் ஊரில் பாதிரியாராக இருந்த எலியாஸ் ஷக்கூர் 1960களில் இதை அப்படியே செய்து பார்த்தார். குருத்தோலை ஞாயிறன்று கோயில் கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டு, பகை தீராமல் யாரும் வெளியே போக முடியாது என்று சொல்லிவிட்டார்! சகோதரர்களோடு பேச்சுவார்த்தையில்லாமல் இருந்த காவலர் ஒருவர்தான் முதலில் எழுந்து மன்னிப்புக் கேட்டாராம்.

அது ஓர் ஊருக்குள் நடந்தது. இரண்டு மக்களுக்கு இடையில் என்றால்? முதல் இன்டிஃபாதா, அதாவது இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிரான பாலஸ்தீன மக்கள் எழுச்சி, நடந்துகொண்டிருந்த 1990-இல் பாலஸ்தீனக் கிறிஸ்தவரான சலீம் முனையர் தொடங்கிய அமைப்பின் பெயரே 'முசாலஹா'. இயேசுவை மெசியாவாக ஏற்ற யூதர்களையும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களையும் சேர்த்துப் பாலைவனத்துக்கு அழைத்துப் போவது இவர்களின் அறியப்பட்ட முறை. அங்கே யாரும் வீட்டுக்காரர் இல்லை, யாரும் விருந்தாளி இல்லை. ஆனால் ஜெபத்தில் ஒன்றாக இருப்பவர்கள் இஸ்ரேல் நாடு உருவான 1948 என்ற ஆண்டைச் சொன்னதும் பிரிந்துவிடுவார்கள். ஒரு தரப்பில் பலருக்கு அது தீர்க்கதரிசனம் நிறைவேறிய ஆண்டு. மறு தரப்புக்கு அது நக்பா, அதாவது பேரழிவு. சுமார் 7 லட்சம் பேர் வீடிழந்த காலம். ஆங்கிலிக்கன் குருவான நயீம் அத்தீக் அப்போது பதினொரு வயதுப் பையன். பெய்சான் என்ற பாலஸ்தீன ஊரிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டவர். பழைய ஏற்பாட்டில் 'இஸ்ரவேல்' என்று வாசிக்கும்போதே தன் மக்களுக்குத் தொண்டை அடைக்கிறது என்பதை எடுத்துச் சொல்லி, நீதியை மையமாக வைத்து இறையியல் எழுதியவர் அவர். 2009 டிசம்பரில் பெத்லகேமில் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் வெளியிட்ட 'கைரோஸ் பாலஸ்தீனம்' அறிக்கையும் இஸ்ரேலிய ஆக்கிரமிப்பைப் பாவம் என்றே சொன்னது. இந்த வழியில் வருபவர்கள் கேட்கும் கேள்வி: நிலமும் சோதனைச்சாவடியும் அப்படியே இருக்க, கைகுலுக்குவது மட்டும் எப்படி முசாலஹா ஆகும்? இப்படிப்பட்ட சந்திப்புகளை 'தத்பீ' என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அசாதாரண நிலையைச் சாதாரணம்போல் ஆக்கிவிடுவது என்று அதற்கு அர்த்தம். சுல்ஹாவின் வரிசையைப் பார்த்தால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

சரி, தமிழுக்கு வருவோம். சமரசம் என்றால் இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. தப்பு யாருடையது என்ற கேள்வி அதில் எழுவதே இல்லை. சமாதானம் 'ஸலாம்' என்பதற்கு உரியது. நல்லிணக்கம் நல்ல சொல்தான். ஆனால் 2010-இல் இலங்கை அரசு அமைத்த 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு'வுக்குப் பிறகு, ஈழத்தமிழர் பலருக்கு அது அரசாங்கக் காகித வாசனை அடிக்கும் சொல்லாகிவிட்டது.

மிச்சம் இருப்பது ஒப்புரவு. திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' 22-ஆம் அதிகாரம். அங்கே பொருள் வேறு; உலகநடை அறிந்து செய்தல் என்கிறார் பரிமேலழகர். பிறருக்கு உதவி வாழும் கடமையைப் பேசும் அதிகாரம் அது. கிறிஸ்தவத் தமிழ் இந்தச் சொல்லை உறவு சீராவதற்கு எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கர்கள் முன்பு 'பாவசங்கீர்த்தனம்' என்றதை இன்று 'ஒப்புரவு அருட்சாதனம்' என்கிறார்கள். சொல்லின் அடியில் இருப்பது 'ஒப்பு', சமம். ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நிற்கும்வரை அந்த ஒப்பு வராது. நீதி கேட்பவர்களின் வாதமும் அதுதான் என்பதால் இந்தச் சொல்லே பொருந்துகிறது.

ஒரு எச்சரிக்கை. அரபுச் செய்திகளில் பாலஸ்தீனச் சூழலில் 'முசாலஹா' என்று வந்தால், பெரும்பாலும் அது ஃபத்தா, ஹமாஸ் என்ற இரு பாலஸ்தீன அரசியல் இயக்கங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடுகளைத்தான் குறிக்கும் (2011, 2014, 2017). அங்கே ஒப்புரவு என்று எழுதினால் வேடிக்கையாகிவிடும்; 'கட்சிகளின் இணக்க உடன்பாடு' போதும். அமைப்பின் பெயரை மொழிபெயர்க்காமல் முசாலஹா என்றே விடலாம்.