ஒரு கம்பும் ஒரு தண்ணி பாட்டிலும் இருந்தா பலாப்பழத்த எடை போட்டுடலாம்

ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரத்துல பலாப்பழம் வாங்குறீங்கன்னு வச்சுக்கோங்க, விக்கிறவரு ஒரு கையால தூக்கிப் பாத்துட்டு "பத்து கிலோ தேறும்"ங்கறாரு, நீங்களும் தலையாட்டிட்டு வாங்கிகினு வந்துடறீங்க. அது நெஜமாவே பத்தான்னு பாக்க மிஷினே வேணாம். ஆறடி மூங்கில் கம்பு ஒன்னு, கொஞ்சம் கயிறு, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில், டேப்பு, அவ்ளோதான்.

மொதல்ல வெறும் கம்ப கயித்துல கட்டி தொங்க விடுங்க. டேப்பு வச்சு நடு சென்டர்ல கட்டினா பெரும்பாலும் நிக்காது, ஏன்னா மூங்கிலு அடி பக்கம் தடியா இருக்கும். கயித்த அடி பக்கமா கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க, எங்க கம்பு எந்தப் பக்கமும் சாயாம நிக்குதோ அங்கயே கட்டிடுங்க. இத சோம்பேறித்தனமா விட்டுட்டா மொத்த கணக்கும் போச்சு. சரியா கட்டிட்டா கம்போட சொந்த எடை நேரா கயித்துக்குக் கீழயே இழுக்கும், எந்தப் பக்கமும் சுத்த விடாது, அதனால அத மறந்துடலாம்.

இப்ப தடி பக்கம் கயித்துலேந்து 12 சென்டிமீட்டர் தள்ளி பழத்த மாட்டுங்க. மெல்லிசு பக்கம் தண்ணி ஃபுல்லா ரொப்பின பாட்டில மாட்டி நகத்திகினே போங்க. 96 சென்டிமீட்டர்ல கம்பு நேரா நின்னுச்சுன்னா பழம் எவ்ளோ? ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, ஒன்ன 96 ஆல பெருக்கி 12 ஆல வகுத்தா 8 கிலோ. பத்தாங்கிளாஸ்ல திருப்புத்திறன்னு படிச்சோமே, எடைய தூரத்தால பெருக்குனா வர்றது, அது ரெண்டு பக்கமும் சமமா இருந்தாதான் கம்பு எந்தப் பக்கமும் சுத்தாது. பழம் கோணல்மாணலா இருந்தாலும் கவலை இல்ல, அது மாட்டுன கயித்துக்கு நேர் கீழதான் தொங்கப்போவுது, தூரத்த அந்தக் கயிறு வரைக்கும் அளந்தா போதும்.

ஆனா அந்த 12தான் வில்லன். டேப்ப அவசரத்துல 13னு படிச்சிட்டீங்கன்னா விடை 7.4 கிலோ ஆயிடும், அரை கிலோவுக்கு மேல அவுட்டு. அந்தப் பக்கம் 96க்கு பதிலா 97னு படிச்சா நூறு கிராம் கூட மாறாது. அதனால பழத்த 24 சென்டிமீட்டருக்குத் தள்ளி வச்சு பாட்டில ரெண்டாக்குங்க, அதே ஒரு சென்டிமீட்டர் தப்பு இப்ப முந்நூறு கிராமோட நின்னுடும்.

கயிறு கெட்டியா இருக்கான்னும் பாத்துக்கோங்க, பழம், பாட்டில், கம்பு மூணு எடையும் மேல கட்டுன அந்த ஒத்த கயித்துலதான் நிக்குது.

கீழ தாங்கறது எல்லாம் கூட்டுனா மொத்த எடைங்கற இதே நியாயத்துல பைக்கையே எடை போடலாம், உடம்பு எடை பாக்கற மிஷின் ஒன்னே போதும். முன் டயர மிஷின் மேல ஏத்தி, பின் டயருக்கு அதே ஒசரத்துல ஒரு பலகை. பக்கத்துல ஒருத்தர் வண்டி சாயாம சும்மா புடிச்சா போதும், அழுத்தவும் கூடாது தூக்கவும் கூடாது. முன்னாடி 50, மாத்தி வச்சா பின்னாடி 60னு காட்டுச்சுன்னா வண்டி 110 கிலோ. ரெண்டு சக்கர அச்சுக்கும் நடுவுல 124 சென்டிமீட்டர்னா, 50அ 124ஆல பெருக்கி 110ஆல வகுங்க, பின் சக்கர அச்சுலேந்து 56 சென்டிமீட்டர் முன்னாடி, அங்கதான் வண்டியோட மொத்த பாரமும் நிக்குது. பலகை இல்லாம ஒரு டயர் மேலயும் ஒன்னு கீழயும் வச்சு எடுத்தா பாரம் கீழ இருக்கற டயர் பக்கம் கொஞ்சம் சாஞ்சுடும், ரெண்டு தடவையும் மிஷின் மேல ஏறினது ஒசந்த டயர்தானே, கூட்டிப் பாத்தா வண்டி எடை கம்மியாதான் காட்டும்.